எல்டன் ரிங்: லிம்கிரேவில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் 2022 பிப்ரவரியில் வந்தது. இத்தனை ஆண்டுகளாகியும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடி வாங்கும் இடம் மட்டும் மாறவில்லை. நிலவறையிலிருந்து மேலே ஏறி, பெரிய கதவைத் தள்ளி, முதல் பகுதியான லிம்கிரேவின் புல்வெளியில் கால் வைத்ததும், எதிரே தங்கக் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருவன் மெதுவாக உலாத்திக்கொண்டிருப்பான். அவன் பெயர் ட்ரீ சென்டினல். வாசலிலேயே நிற்கிறானே, இவன்தான் முதல் பாஸ் (பெரிய எதிரி) போலிருக்கிறது என்று நினைத்து வாளை உருவுவார்கள். இரண்டே அடி, கதை முடிந்தது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் சங்கடம். திரும்ப வருவார்கள், திரும்ப மோதுவார்கள், திரும்பச் சாவார்கள். ஒரு மணி நேரம் கழித்து ‘இந்த மாதிரி கேமுக்கெல்லாம் என் கை வேகம் பத்தாது’ என்று மூடிவைத்துவிடுவார்கள். கை வேகத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அவனைச் சுற்றிப் போகலாம், ஓடலாம், பிறகு வரலாம் என்று கற்றுக்கொடுக்கத்தான் அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த கேமின் தொடக்கத்தில் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் பிடிவாதம்.

தங்கக் கோட்டை நம்பி ஓடுவது

கிரேஸ் என்ற ஒளிப்புள்ளிகளில் உட்கார்ந்து எழுந்தால் தங்க நிறக் கோடு ஒன்று ஒரு திசையைக் காட்டும். அது கதை போகும் திசை. நீங்கள் அங்கே போகத் தயாரா என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. அதையே பிடித்துக்கொண்டு போனால் சர்ச் ஆஃப் எல்லே, கேட்ஃப்ரண்ட், ஸ்டார்ம்ஹில் என்று கடந்து, கொஞ்ச நேரத்திலேயே ஸ்டார்ம்வெய்ல் கோட்டை வாசலில் மார்கிட் என்ற பாஸின் முன்னால் நிற்பீர்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். ‘உன் லெவல் குறைவு’ என்று ஓர் எச்சரிக்கைகூட வராது.

முதலில் கேட்ஃப்ரண்ட் கிரேஸ் வரைக்கும் மட்டும் போங்கள். அங்கே மெலினா வந்து பேசுவாள். அவளோடு ஒப்பந்தம் போட்டால்தான் லெவல் ஏற்ற முடியும், டாரண்ட் என்ற குதிரையும் கிடைக்கும். அப்புறம் ஒருமுறை சர்ச் ஆஃப் எல்லேவுக்குத் திரும்பிப் போங்கள். இரவு நேரத்தில் அங்கே தொப்பி போட்ட ஒரு சூனியக்காரி உட்கார்ந்திருப்பாள். ஆவிகளை அழைக்கும் மணியையும், சண்டையில் துணைக்கு வரும் மூன்று ஓநாய்களின் சாம்பலையும் தருவாள். நேரே கோட்டையை நோக்கி ஓடியவர்களில் பலர் இதைத் தவறவிட்டுவிட்டு மார்கிட்டிடம் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள்.

குதிரை கிடைத்ததும் தெற்கே போவதுதான் நல்லது. பிரிட்ஜ் ஆஃப் சாக்ரிஃபைஸ் என்ற பாலத்தில் காவல் இருக்கும், பெரிய அம்பு எய்யும் பொறியும் இருக்கும். நின்று சண்டை போடாமல் குதிரையை விரட்டித் தாண்டிவிடுங்கள். அந்தப் பக்கம் வீப்பிங் பெனின்சுலா. லிம்கிரேவைப் பழகிய பிறகு போவதற்கென்றே அளந்து செய்த நிலம் அது. அங்கே மூன்று தேவாலயங்களில் தலா ஒரு சேக்ரட் டியர் இருக்கிறது, அது உயிரை மீட்கும் மருந்தின் பலத்தைக் கூட்டும்: சர்ச் ஆஃப் பில்கிரிமேஜ், காலு பாப்டிஸ்மல் சர்ச், ஃபோர்த் சர்ச் ஆஃப் மரிக்கா. லிம்கிரேவின் கிழக்கே தேர்ட் சர்ச் ஆஃப் மரிக்காவில் நான்காவது கிடைக்கும். தொடக்கத்தில் ஒரு மடக்கு சிவப்பு மருந்து 250 உயிர்ப்புள்ளிகளை மீட்கும். நான்கு டியரும் சேர்ந்தால் அதே மடக்கு 570 மீட்கும். நான்கையும் எடுக்க ஒரு பாஸைக்கூட அடிக்க வேண்டியதில்லை, குதிரையில் போய் எடுத்துக்கொண்டு வரலாம்.

தேர்ட் சர்ச்சில் வொண்ட்ரஸ் ஃபிசிக் என்ற கலவைக் குப்பியும் இருக்கிறது. ஒரு ஓய்வுக்கு ஒரு முறை குடிக்கலாம். அதையும் விட்டுவிடாதீர்கள்.

ரூனை எங்கே கொட்டுவது

எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும் ரூனைச் செலவழித்துத்தான் லெவல் ஏற்ற வேண்டும். புதியவர்கள் லெவல் ஏற்றும் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வாள்காரர் என்றால் எல்லாம் ஸ்ட்ரெங்த்தில், மந்திரக்காரர் என்றால் எல்லாம் இன்டெலிஜென்ஸில். உயிரைக் கூட்டும் விகரைத் தொட்டே இருக்க மாட்டார்கள். அடி பலமாக விழுந்தால் சண்டை சீக்கிரம் முடியும் என்ற கணக்கு கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த கேமில் அது உதவாது.

விகர் 10 இருந்தால் உயிர் 414. 20 ஆனால் 652. 30 ஆனால் 994. 40 ஆனால் 1450. போகப்போக ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது கூடிக்கொண்டே வருகிறது. 40க்கு மேல்தான் குறைகிறது, 60ல் 1900. ஆக முதல் 20 புள்ளிகளுக்குள்ளேயே ‘விகர் போட்டும் ஒன்றும் தெரியவில்லையே’ என்று விட்டுவிடுகிறவர்கள் பலன் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உயிர் கூடுதலாக இருந்தால் சண்டை நீளும், நீண்டால் எதிரியின் அசைவுகளைப் பார்க்க நேரம் கிடைக்கும். இரண்டு அடியில் செத்துக்கொண்டே இருந்தால் மூன்றாவது அடி எப்படி வரும் என்று எப்போது கற்பது?

அப்படியானால் அடியின் பலத்தை எப்படிக் கூட்டுவது? ஆயுதத்தைக் கொண்டுதான். ஆயுதம் கேட்கிற குறைந்தபட்ச ஸ்ட்ரெங்த்தும் டெக்ஸ்டெரிட்டியும் வந்ததும் அங்கே நிறுத்திவிடுங்கள். பட்டை தீட்டாத ஆயுதத்தில் ஸ்ட்ரெங்த் ஒன்று கூடினால் ஒன்றிரண்டு புள்ளி சேதம் கூடும், அவ்வளவுதான். சர்ச் ஆஃப் எல்லேயில் இருக்கும் பட்டறை மேசையிலேயே எந்தச் சாதாரண ஆயுதத்தையும் +3 வரை ஏற்றலாம். பட்டை தீட்டும் முதல் தரக் கற்கள் 2, 4, 6 என்று மொத்தம் 12 வேண்டும். அகீல் ஏரியின் வடகரையில் உள்ள லிம்கிரேவ் டன்னல்ஸ் சுரங்கத்தில் கணிசமாகக் கிடைக்கும். அங்கே உள்ள சுரங்கத் தொழிலாளிகளின் உடம்பு கல் மாதிரி, வாள் சரியாக இறங்காது. தடியோ கதாயுதமோ இருந்தால் வேலை சுலபம். கிடைத்த கற்களை நான்கு ஆயுதங்களுக்குப் பங்கு வைக்காமல் ஒன்றுக்கே போடுங்கள்.

பாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டியிருப்பவற்றின் எடை நீங்கள் சுமக்கக்கூடிய அளவில் 70 சதவீதத்தைத் தொட்டால் உருளுவது தொப்பென்று விழுவதுபோல் ஆகிவிடும், தப்பிக்கவே முடியாது. மூட்டையில் இருப்பது கணக்கில் வராது, கையிலும் உடம்பிலும் மாட்டியது மட்டும்தான். வேகபாண்ட் என்ற பாத்திரமாகத் தொடங்கினால் கனமான கவசத்தோடு வாள், ஹால்பெர்ட், கேடயம் மூன்றும் கையோடு வரும். பயன்படுத்தாததைக் கழற்றி வையுங்கள்.

உருளுவது

இதுதான் பெரிய விஷயம். பதற்றத்தில் உருளும் பொத்தானை மூன்று நான்கு முறை அழுத்துவார்கள். கேம் அடுத்தடுத்த அழுத்தங்களை வரிசையில் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் அடியிலிருந்து தப்பியிருப்பீர்கள், ஆனால் நீங்கள் கேட்காத இரண்டாவது உருளல் தானாக நடக்கும், அது முடிகிற நேரத்தில் எதிரியின் இரண்டாவது அடி வந்து சேரும். ஆடுகிறவருக்கு ‘நான் உருண்டேனே, எப்படிப் பட்டது?’ என்று தோன்றும்.

இன்னொரு நுணுக்கம். ஓடுவதற்கும் உருளுவதற்கும் ஒரே பொத்தான் என்பதால், பொத்தானை விடும்போதுதான் உருளல் தொடங்கும். அழுத்திப் பிடித்தால் ஓட்டம் என்று கேம் எடுத்துக்கொள்ளும். அதனால் பயத்தில் அழுத்திப் பிடிக்கிறவர்களுக்கு உருளல் எப்போதும் தாமதமாகவே வரும். தட்டிவிட்டு உடனே விரலை எடுக்க வேண்டும். இதை கேம் எங்கும் சொல்லித் தராது, ரொம்ப நாள் ஆடியவர்களில்கூடச் சிலருக்குத் தெரியாது.

திசையும் முக்கியம். அடி வருகிறது என்றால் உடம்பு பின்னால் போகத்தான் சொல்லும். லிம்கிரேவின் பெரிய எதிரிகளிடம் இருப்பதெல்லாம் நீளமான ஆயுதங்கள், பின்னால் உருண்டால் அதன் நுனியில்தான் போய் விழுவீர்கள். அடியை நோக்கியே உருண்டு, அவன் பக்கவாட்டிலோ முதுகுப் பக்கமோ எழுந்து நிற்பதுதான் பாதுகாப்பு. இதற்கு மனது பழகக் கொஞ்ச நாளாகும்.

உருளுவதே பிடிக்கவில்லை என்றால் கேடயம் இருக்கிறது. கேட்ஃப்ரண்ட் பகுதிச் சிப்பாய்களிடமிருந்து எப்போதாவது விழும் பிராஸ் ஷீல்டு உடல் தாக்குதலை 100 சதவீதம் தடுக்கும். தடுத்த அடுத்த நொடியில் கனமான அடிப் பொத்தானைத் தட்டினால் கார்ட் கவுண்ட்டர் என்ற பதிலடி விழும். சாதாரணச் சிப்பாய்கள் அதில் நிலைகுலைந்து போவார்கள். ஆனால் கேடயத்தைத் தூக்கியபடியே நடந்தால், அடிக்கவும் உருளவும் தேவைப்படும் தெம்பான ஸ்டாமினா மெதுவாகத்தான் ஏறும். அடி வராத நேரத்தில் கீழே இறக்குங்கள்.

கூட்டம், பேராசை, பெட்டி

கேட்ஃப்ரண்டில் சாகிறவர்கள் நேராகக் கூட்டத்தின் நடுவில் இறங்குகிறவர்கள். அங்கே ஒருவன் ஊதுகொம்பு வைத்திருக்கிறான். அவன் ஊதினால் எல்லோரும் ஓடி வருவார்கள். குனிந்து போய் முதலில் அவன் முதுகில் குத்துங்கள், மற்றவர்களை ஒவ்வொருவராக இழுங்கள். சாமுராயாகத் தொடங்கியவருக்கு வில்லே கையில் இருக்கிறது. கூட்டத்தை முழுதாக முடித்தால் காலியான குப்பியில் மடக்குகள் திரும்பக் கிடைக்கும் என்பது கூடுதல் லாபம். அந்த இடிபாடுகளின் அடியில் உள்ள பெட்டியில் ஆயுதத்தின் தனித் திறனை மாற்ற உதவும் வெட்ஸ்டோன் நைஃப் இருக்கிறது, அதை எடுக்காமல் நகராதீர்கள்.

இன்னும் ஓர் அடி அடித்தால் செத்துவிடுவான் என்று ஸ்டாமினாவைக் காலி செய்யும் பழக்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. உருள ஒரு பங்கு எப்போதும் மிச்சம் இருக்கட்டும்.

ரூனைப் பொறுத்தவரை, ஒரு முறை செத்தால் விழுந்த இடத்தில் எடுக்கலாம், போகும் வழியில் மறுபடி செத்தால் போனது போனதுதான். ஆனால் மூட்டையில் கிடக்கும் கோல்டன் ரூன் பொருட்கள் சாவில் காணாமல் போகாது. அவற்றை உடைக்காமல் வைத்திருந்து, லெவலுக்குக் குறைகிற அளவுக்கு மட்டும் கிரேஸ் பக்கத்தில் உடைப்பது நல்லது.

அகீல் ஏரிப் பக்கம் டிராகன்-பர்ன்ட் ருயின்ஸ் என்ற இடிபாட்டின் நிலவறையில் ஒரு பெட்டி இருக்கிறது. திறந்தால் புகை கிளம்பும், கண் விழிக்கும்போது கேலிட் என்ற கடினமான பகுதியின் செல்லியா கிரிஸ்டல் டன்னலில் இருப்பீர்கள். சுரங்கத்துக்குள்ளிருந்து வேறு கிரேஸுக்குத் தாவ முடியாது. பீதியில் சண்டை போடாதீர்கள், குனிந்தும் ஓடியும் வெளியே வந்துவிட்டால் வரைபடத்திலிருந்து லிம்கிரேவுக்குத் திரும்பிவிடலாம். ஏரியிலேயே டிராகன் ஒன்றும் வந்து இறங்கும், அது வேறு கதை.

மார்கிட்டிடம் எடுபடாத வீம்பு

சரி, இப்போது மார்கிட். என் கணக்குப்படி லெவல் 20க்கு மேல், ஆயுதம் +3, இரண்டு மூன்று சேக்ரட் டியர் இருந்தால் நியாயமான சண்டை. அவனுடைய தந்திரமே தாமதம்தான். தடியைத் தூக்குவான், அப்படியே வைத்திருப்பான், நீங்கள் உருண்டு எழுந்த பிறகு இறக்குவான். தூக்கும் கையைப் பார்த்து உருளக்கூடாது, இறங்கத் தொடங்கும் கையைப் பார்த்துத்தான் உருள வேண்டும். தூரமாகப் போய் மருந்து குடிக்கலாம் என்றால் ஒளிக்கத்தியை எறிவான். அவன் ஒரு நீண்ட தொடர் அடியை முடித்து நிற்கும்போதுதான் குடிக்க நேரம்.

ஓநாய்களை அழையுங்கள். ‘தனியாக அடித்தால்தான் ஆட்டம்’ என்ற வீம்பு இணையத்தில் நிறைய இருக்கிறது. அதை இரண்டாவது முறை ஆடும்போது பார்த்துக்கொள்ளலாம். வாசலில் இருக்கும் தங்கக் குறியைத் தொட்டு ரோஜியர் என்ற மந்திரவாதியையும் அழைக்கலாம், ஆனால் மனிதத் துணை வந்தால் பாஸின் உயிர் கூடும், சாம்பல் ஆவிகளுக்கு அப்படிக் கூடாது. மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்றொரு ஏமாற்றுக்காரன் உண்டு. பாதி உயிர் போனதும் சரணடைவான், அப்போது கொன்றுவிடாதீர்கள். பிறகு கடை போட்டு, மார்கிட்டைத் தரையோடு கட்டிப்போடும் விலங்கை 5000 ரூனுக்கு விற்பான். முதல் கட்டத்தில் இரண்டு முறை வேலை செய்யும், மார்கிட்டின் கையில் ஒளிச் சுத்தியல் வந்த பிறகு பயன்படாது.

மார்கிட் விழுந்ததும் கோட்டை வாசலில் கோஸ்டாக் என்ற காவலாளி இரண்டு வழி சொல்வான். பெரிய கதவைத் திறக்கச் சொன்னால் அந்த முற்றத்தில் அம்புப் பொறிகள் உங்களுக்காகக் காத்திருக்கும். இடப்பக்கச் சுவரின் ஓட்டை வழியே போங்கள். பின்னாலேயே பதுங்கி வந்து, நீங்கள் கோட்டைக்குள் சாகும்போது சிந்தும் ரூனில் ஒரு பங்கைத் திருடுகிறவனும் இதே கோஸ்டாக்தான்.