லாட்விய மொழியில் 'இல்லை' சொல்லும்போது செய்யும் தவறுகள்

லாட்விய மொழியை நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம், அதனால் ஆங்கிலக்காரர்கள் செய்யும் அதே தவறுகளை நாமும் செய்கிறோம். எதிர்மறை வாக்கியங்களில் இது அநியாயம், ஏனென்றால் அங்கே தமிழ் நமக்குப் பாதி வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறது.

முதலில் எளிதானது. 'நே' என்று நீட்டினால் கேள்விக்குப் பதிலாகச் சொல்லும் 'இல்லை'. 'நெ' என்று குறிலாக வந்தால் வினையின் தலையில் ஒட்டிக்கொள்ளும் முன்னொட்டு. 'ஸினு' என்றால் எனக்குத் தெரியும், 'நெஸினு' என்றால் தெரியாது. நெடிலும் குறிலும் நமக்குப் பிறவியிலேயே வந்தவை, இதில் தவறினால் வெட்கக்கேடு. ஆங்கிலத்தின் 'டு', 'டஸ்' எதுவும் வேண்டாம், இடைவெளி விட்டு எழுதவும் கூடாது. வினைக்கு ஏற்கெனவே ஒரு முன்னொட்டு இருந்தாலும் 'நெ' அதற்கும் முன்னால்தான் போய் உட்காரும். 'ஸப்ருவொத்து' புரிகிறது, 'நெஸப்ருவொத்து' புரியவில்லை. அழுத்தமும் அந்த 'நெ' மேல்தான் விழும்.

ஒரே ஒரு முரடன் உண்டு. 'இர்' (இருக்கிறது) என்பதற்கு 'நெஇர்' கிடையாது, 'நவ்' என்று உருவமே மாறிவிடும். 'நான்' என்று வந்தால் ஒழுங்காக 'நெஎஸ்மு'தான், அங்கே 'நவ்' போடாதீர்கள்.

அப்புறம்தான் எல்லோரும் சறுக்கும் இடம். 'மன் இர் லைக்ஸ்' என்றால் எனக்கு நேரம் இருக்கிறது. 'மன்' என்பது அப்படியே நம் 'எனக்கு'. ஆங்கிலக்காரர்கள் 'ஹேவ்' எங்கே என்று தேடி அலைவார்கள், நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 'எனக்கு நேரம் இல்லை' என்னும்போது நாம் 'நேரம்' என்ற சொல்லைத் தொடுவதில்லை, லாட்வியர்கள் தொடுவார்கள். 'மன் நவ் லைக்ஸ்' தவறு, 'மன் நவ் லைக்க' என்பதுதான் சரி. இல்லாத பொருள் ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடுகிறது, ஏறக்குறைய 'எனக்கு நேரத்தின் இல்லை' என்பது போல. பணம் 'நௌத', பணம் இல்லை என்றால் 'நவ் நௌதஸ்'. இரண்டும் இல்லாதவர் 'மன் நவ் நெ லைக்க, நெ நௌதஸ்' என்று புலம்பலாம்.

இதைக் கற்றுக்கொண்ட ஜோரில் 'நவ்' வந்த இடமெல்லாம் ஆறாம் வேற்றுமை போடுவது அடுத்த தவறு. 'அவர் மருத்துவர் அல்லர்' என்பது 'விஞ்ஷ் நவ் ஆர்ஸ்ட்ஸ்', இங்கே ஆர்ஸ்ட்ஸ் எழுவாய் வடிவிலேயே நிற்கும். ஆங்கில இலக்கண நூல்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் சொல்லும், நமக்கோ ஒரே கேள்வி போதும்: நல்ல தமிழில் இங்கே 'அல்ல' வருமா, 'இல்லை' வருமா? 'அல்ல' என்றால் எழுவாய், பொருளே கிடையாது என்னும் 'இல்லை' என்றால் ஆறாம் வேற்றுமை. பேச்சில் நாம் 'அல்ல'வை மறந்துவிட்டோம், பழைய வாத்தியாரை நினைத்துக்கொண்டு யோசித்தால் சரியாக வரும். செயப்படுபொருளுக்கு இந்த விதியை இழுக்க வேண்டாம். 'புத்தகம் படிக்கவில்லை' என்பதற்கு இன்றைய வழக்கில் 'நெலஸு க்ராமத்து' என்று இரண்டாம் வேற்றுமையே இயல்பு.

ஒரு வாக்கியத்தில் ஓர் எதிர்மறைதான் என்று ஆங்கிலப் பள்ளிக்கூடம் தலையில் ஏற்றியதை இறக்கி வையுங்கள். 'நெவியென்ஸ் நெக்கத் நெக்குவொ நெஸக்க', அதாவது யாரும் ஒருபோதும் எதுவும் சொல்வதில்லை. நான்கு 'நெ', ஒன்றையும் விட முடியாது. முக்கியமாக, வினையில் இருக்கும் 'நெ'வை விட்டுவிட்டால் வாக்கியமே நொண்டும். அழுத்தம் மட்டும் இங்கே வேறு. நெவியென்ஸ், நெக்கத் போன்ற சொற்களில் அது இரண்டாம் அசைக்குத் தாவும்.

'மன் யாயியெத்' என்றால் நான் போக வேண்டும். அதை 'மன் நவ் யாயியெத்' ஆக்கினால் போகக் கூடாது என்று தடுப்பதாக ஆங்கிலக் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் அது 'போக வேண்டியதில்லை' மட்டுமே. தடுக்க வேண்டுமானால் 'நெத்ரீக்ஸ்ட்' என்ற தனி வினை இருக்கிறது. பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் விலகி நில்லுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் 'நெ' ஒட்டினால் எதிர்ப்பதம் கிடைத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். 'லபி' நன்றாக என்றால் 'நெலபி' அவ்வளவு நன்றாக இல்லை என்றுதானே நினைப்போம். நலம் விசாரித்தவரிடம் 'மன் இர் நெலபி' என்று சொல்லிப் பாருங்கள், எனக்குக் குமட்டுகிறது என்று பொருள், அவர் இரண்டடி தள்ளி நிற்பார்.