நண்பரின் கட்டுரைக்குக் கருத்துச் சொல்லும்போது: அழியும் மொழிகள் பற்றி எழுதியிருந்தால்…

அழிந்துவரும் மொழிகளைப் பற்றி எழுதி, ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்லும் வகுப்புப் பயிற்சியில், தாள்கள் பெரும்பாலும் இரண்டு மாதிரியாகத்தான் திரும்பி வரும். ஒற்றுப்பிழைகளைச் சுற்றி வட்டம் இருக்கும்; இல்லையென்றால் 'அருமை, மனதைத் தொட்டது' என்றிருக்கும். சந்தியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சோகமான தலைப்பாயிற்றே என்று கேள்வி கேட்காமல் விடுவதுதான் பெரிய தவறு.

முதலில் எண்ணைப் பிடியுங்கள். நீலகிரியில் வாழும் தோடர் பழங்குடியினரைப் பற்றி 'தோடா மொழி பேசுவோர் இத்தனை பேர், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு' என்றிருந்தால் அப்படியே கடந்துபோகாதீர்கள். நாடு முழுவதும் 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் தாய்மொழிகளை அந்தக் கணக்கெடுப்பின் மொழிப் பட்டியல் பெயர் சொல்லித் தருவதில்லை. 'பிற' என்பதில் சேர்த்துவிடுகிறது. ஆகவே நண்பர் எடுத்தது பழங்குடிகள் பட்டியலிலுள்ள தோடர்களின் தொகையாக இருக்கலாம். தோடராகப் பிறந்த எல்லோரும் தோடா பேசுகிறார்களா என்பதுதானே கட்டுரையே! நீலகிரியின் படுகர்கள் பேசும் படுகு மொழியின் சிக்கல் வேறு: கணக்கெடுப்பின் மொழிப் பட்டியல் அதைக் கன்னடத்தின் கீழ் வைத்திருக்கிறது. ஓரத்தில் 'எண் தவறு' என்று எழுதினால் நண்பருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். 'இது இனத்தவர் தொகையா, பேசுவோர் தொகையா? எந்தப் பட்டியல்?' என்று கேட்டால் தேடிப் பார்ப்பார்.

அடுத்தது 'கடைசி மனிதர்' கதை. 2010 ஜனவரியில் போவா மூதாட்டி இறந்ததோடு அந்தமானின் போ மொழியைப் பேச ஆளில்லாமல் போனது. அதை 'அந்தமான் மொழிகள் அழிந்துவிட்டன' என்று நீட்டினால் பொய்யாகிவிடும். ஓங்கே, ஜாரவா மொழிகளை அங்கே இன்றும் பேசுகிறார்கள். கண்கலங்க வைக்கும் பத்தியைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டும். தகவல் பிழை அங்கேதான் எளிதில் ஒளிந்துகொள்ளும்.

'தோடர்கள் எருமை வளர்த்தனர்' என்ற இறந்தகாலத்தையும் விடாதீர்கள். நீலகிரியில் இன்றும் வளர்க்கிறார்கள். தோடாவும், நீலகிரியின் கோத்தர்கள் பேசும் கோத்தாவும் தமிழின் வட்டார வழக்குகள் என்றிருந்தால் தயங்காமல் அடிக்கோடிடுங்கள். இரண்டும் தனித் திராவிட மொழிகள். 1930களிலேயே எமனோ என்ற மொழியியலாளர் நீலகிரிக்கு வந்து அவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

'காப்பாற்ற ஐந்து வழிகள் சேர்' என்று சொல்லும் பழக்கத்தையும் விடலாம். வீட்டில் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசுகிறார்களா என்று கட்டுரை சொல்கிறதா? ஒரு மொழி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் யுனெஸ்கோவின் நிலைகள் முக்கியமாக அதை வைத்துத்தான் வகுக்கப்பட்டிருக்கின்றன. சொல்லவில்லையென்றால், முதல் கருத்தாக அதைக் கேளுங்கள்.