பலகை தண்ணீர் குடிக்குமா?

வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் எங்கப்பா சாமி படங்களுக்கு ஃபிரேம் போட்ட காலத்தில், பசை என்றால் மைதாப் பசைதான். காய்ச்சும்போது பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். அப்படியும் மழைக்காலத்தில் ராமபாணப் பூச்சி ஒன்றிரண்டு படத்தை ருசி பார்த்துவிடும். ஆனால் ஒட்டியது விட்டுப்போனதில்லை. காகிதமும் அட்டையும் தண்ணீரை உறிஞ்சும், ராத்திரியோடு காய்ந்துவிடும்.

இப்போது வருவதெல்லாம் கேன்வாஸ் பிரிண்ட், அதாவது துணியில் அச்சடித்த படம். ஒட்டச் சொல்வது சன்மைக்கா பலகை, அக்ரிலிக், ஏசிபி ஷீட் (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு) என்று வழுக்குகிற சாமான்களில். "எந்தப் பசைண்ணா நல்லா புடிக்கும்?" என்று கேட்டால், உங்கள் பலகை தண்ணீர் குடிக்குமா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

பலகைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர், கேன்வாஸ் முதுகில் ஒரு சொட்டு. ஐந்து நிமிடம் பொறுங்கள். சொட்டு பரவி உள்ளே இறங்கினால் குடிக்கும். முத்து மாதிரி நின்றால் குடிக்காது. கேன்வாஸ் துணிதானே என்று விட்டுவிடாதீர்கள். சில பாலியெஸ்டர் ரகங்களில் முதுகிலும் பூச்சு இருக்கும்.

இரண்டும் குடித்தால் கவலையே இல்லை. சாதா எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட் எல்லாம் இந்த ஜாதி. தச்சர்கள் வைத்திருக்கும் வெள்ளை ஃபெவிகாலே போதும். பத்துப் பங்குக்கு ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் கலக்காதீர்கள். ரோலரால் பலகையில்தான் தடவணும், கேன்வாஸில் அல்ல. துணி நனைந்தால் நீளும், காயும்போது சுருங்கும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணி சுற்றிய ஸ்க்யூஜியால் (வழிக்கிற ரப்பர் பட்டை) தள்ளி, பட்டர் பேப்பர் போட்டு, மேலே கனமான பலகை வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். மெல்லிய பலகை என்றால் பின்பக்கமும் அதே பசையில் வேஸ்ட் கேன்வாஸ் ஒன்றை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் அப்பளம் மாதிரி வளைந்திருக்கும்.

பலகை குடிக்காமல் கேன்வாஸ் மட்டும் குடித்தால் கொஞ்சம் வேலை. வெள்ளைப் பசை துணி வழியாகக் காய்ந்துவிடும், ஆனால் வழுவழுப்பில் அதற்குப் பிடிமானம் கிடையாது. சன்மைக்காவை 120 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, தூசி துடைத்து ஒட்டலாம். இரண்டுமே குடிக்காவிட்டால் வெள்ளைப் பசையை மறந்துவிடுங்கள். நடுவில் இருக்கும் ஈரத்துக்கு வெளியே போக வழியே இல்லை.

இந்த இடத்தில்தான் நான் சூடுபட்டேன். ஒரு குடும்பத்தார் தாத்தா படத்தை நாலுக்கு மூணு அடி கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, சன்மைக்கா பலகையோடு கொண்டுவந்தார்கள். என் மச்சான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவன். அரை டின் ரப்பர் பசையோடு வந்து, "இன்னா மாமா, செருப்பே புடிச்சிக்கினு நிக்குது, துணி நிக்காதா?" என்றான். நின்றது, ஒரு விரற்கடை கோணலாக. அந்தப் பசை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்கு உலர்த்தி வைப்பது. தொட்ட இடம் தொட்டதுதான், நகர்த்த முடியாது. கோணலை இழுக்கப்போய், மேலே துணியால் அழுத்தினேன். பசையிலிருந்த கரைப்பான் நெசவு வழியாக ஏறி மையை இளக்கியிருந்தது. தாத்தாவின் கறுப்புக் கோட்டு என் துணியில் வந்துவிட்டது. கைக்காசு போட்டுப் புது பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த டின் இன்னும் கடையில் இருக்கிறது. கேன்வாஸ் ஓரத்தை ஒரு அங்குலம் பின்பக்கம் மடித்து ஒட்ட அதைவிட உறுதியானது இல்லை, முகப்பில் மட்டும் வேண்டாம். தெர்மாகோல் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும். ஆவி தீப்பிடிக்கும், என்னைப்போல் கடையில் சாமி விளக்கு ஏற்றுகிறவர்கள், விளக்கைக் குளிரவைத்து, ஊதுவத்தியையும் அணைத்து, கதவைத் திறந்துவைத்த பிறகே மூடியைத் திறக்கணும்.

குடிக்காத பலகைக்கு இப்போது நான் போடுவது, இரண்டு பக்கமும் பசை உள்ள ரோல். ஃபோட்டோ ஒட்டுகிற மெல்லிய ரகம் ஆகாது. கேன்வாஸ் முதுகு மேடுபள்ளம்; மெல்லிய பசை மேட்டை மட்டும் தொட்டுவிட்டு நிற்கும். கனமான ரகமாகக் கேளுங்கள். ஏசிபியையும் சன்மைக்காவையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள், அக்ரிலிக்குக்குச் சோப்புத் தண்ணீர் போதும். முதலில் ரோலைப் பலகையில் ஒட்டி, மேல்தாளை நாலு விரல் மட்டும் உரித்து, கேன்வாஸை நேர் பார்த்து வைத்து, பிறகு தாளை இழுக்க இழுக்க அழுத்திக்கொண்டே வாருங்கள். ஸ்ப்ரே பசை இரண்டு நாள் கண்காட்சிக்குச் சரி. சித்திரை கத்திரியில் இங்கே வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது ஓரம் உரிந்துவிடும்.

பெரிய படத்தில் கை வைப்பதற்கு முன் நாலு அங்குலத் துண்டு ஒன்றை அதே பலகையில் ஒட்டி, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் போடுங்கள். பிறகு மூலையைப் பிடித்து உரித்து, பசை எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் கேன்வாஸோடு வந்து பலகை சுத்தமாக இருந்தால், பலகைதான் ஏற்கவில்லை: இன்னும் தேயுங்கள், துடையுங்கள். எல்லாம் பலகையிலேயே இருந்தால் கேன்வாஸ் முதுகில் பூச்சு இருக்கிறது. இரண்டிலும் பாதிப்பாதி, நூல் நூலாக இழுத்தால் பசை காயவில்லை, இல்லை வெயிலுக்கு இளகிவிட்டது. வேறு பசை பாருங்கள். துணியின் நூல் பிய்ந்து பலகையில் நின்றால் பெரிய படத்தை எடுக்கலாம்.

கையால் வரைந்த ஓவியம் யாராவது கொண்டுவந்தால் எந்தப் பசையும் போடமாட்டேன். மரக்கட்டைச் சட்டத்தில் இழுத்து, பின்னால் ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்துவிடுவேன். நாளைக்குக் கழற்றணும் என்றால் கழற்றலாமே.