குதிரைத்திறன் ஏறவில்லை, பைக் மாறியிருக்கிறது: நடுத்தர ஸ்ட்ரீட் பைக்கை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025ஆம் ஆண்டுக்காக யமஹா எம்.டி.-07 புதுப்பிக்கப்பட்டபோது அதன் உச்ச சக்தி பழைய 73.4 பி.எஸ்.ஸிலேயே (மெட்ரிக் குதிரைத்திறன்) நின்றது. 690 சி.சி. இரட்டை சிலிண்டர் என்ஜினும் அடிப்படையில் அதேதான். விவரப் பட்டியலின் முதல் இரண்டு வரிகளைப் படித்துவிட்டு "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று உதட்டைப் பிதுக்குவது எளிது. ஆனால் மாற்றமெல்லாம் அதற்குக் கீழே உள்ள வரிகளில்தான் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்களான முன்ஃபோர்க் தலைகீழ் வகையாகிவிட்டது. டிஸ்கைக் கவ்வும் பிரேக் காலிப்பர்கள் ரேடியல் முறையில் பொருத்தப்பட்டிருக்கின்றன. த்ராட்டில் கேபிளின் இடத்தை மின்னணு த்ராட்டில் பிடித்துக்கொண்டது. சக்கரங்களின் எடை குறைந்திருக்கிறது. பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வந்திருக்கிறது. கிளட்ச் லீவரே இல்லாத இன்னொரு வகையும் கிடைக்கிறது. என் கணக்கில், 2014இல் இந்த பைக் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து நடந்த மாற்றங்களிலேயே ஓட்டுபவரின் கையும் இடுப்பும் அதிகம் உணரக்கூடியவை இவைதான்.

இந்த ஒரு பைக்குக்கு மட்டுமான கதையில்லை இது. நடுத்தர ஸ்ட்ரீட் பைக் எதுவாக இருந்தாலும், புதுப்பித்த வடிவம் வந்தவுடன் நாம் அதே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

உச்ச எண்ணில் மயங்குவது

முதல் தவறு, சக்தியை ஒற்றை எண்ணாகப் படிப்பது. 73.4 பி.எஸ். என்பது நிமிடத்துக்கு 8,750 சுழற்சியில் மட்டும் கிடைக்கும் அளவு. அன்றாடப் பயணத்தில் என்ஜின் பெரும்பாலும் 3,000 முதல் 6,000 சுழற்சிக்குள்தான் ஓடுகிறது. அங்கே என்ன கிடைக்கிறது என்று கேட்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு கணக்கு போதும். நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை, அதாவது என்ஜின் அச்சைத் திருகும் விசையை, நிமிடச் சுழற்சியால் பெருக்கி 7,024ஆல் வகுத்தால் பி.எஸ். கிடைத்துவிடும். எம்.டி.-07 தன் உச்ச முறுக்குவிசையான 68 நியூட்டன் மீட்டரை 6,500 சுழற்சியில் தருகிறது. அந்தப் புள்ளியில் அதன் சக்தி ஏறத்தாழ 63 பி.எஸ். இப்போது ஹோண்டா சி.பி.650ஆர் பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர் கொண்ட அதன் உச்ச சக்தி 12,000 சுழற்சியில் 95 பி.எஸ்.; உச்ச முறுக்குவிசை 9,500 சுழற்சியில் 63 நியூட்டன் மீட்டர். எந்தச் சுழற்சியிலும் அது 63ஐத் தாண்டாது என்பதால், 6,500இல் அதனால் 58 பி.எஸ்.ஸுக்கு மேல் தர முடியாது. பட்டியலில் 20 பி.எஸ்.ஸுக்கு மேல் முந்தி நிற்கும் பைக், இந்தப் புள்ளியில் பின்தங்கி நிற்கிறது.

இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் நான்கு சிலிண்டர் வீண்" என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. அதிகச் சுழற்சியில் ஓடுவதற்காகவே செய்யப்பட்ட என்ஜினுக்கு கியர் விகிதத்தையும் அதற்கேற்பக் குட்டையாக வைப்பார்கள். ஒரே வேகத்தில் அது இன்னொன்றைவிட அதிகம் சுழன்றுகொண்டிருக்கும். சக்கரத்துக்குப் போய்ச் சேரும் விசையின் வேறுபாடு அதனால் குறைந்துவிடுகிறது. எஞ்சுவது குணத்தின் வேறுபாடு. ஒன்று, கியர் மாற்றாமலேயே முந்திச் செல்ல விடுகிறது. மற்றது, இரண்டு கியர் குறைத்து என்ஜினை உச்சத்துக்குக் கொண்டுபோனால்தான் முழுமையாகத் திறக்கிறது. நீங்கள் எந்த வகை ஓட்டுநர் என்பதைப் பொறுத்தே இதில் நல்லது எது என்று சொல்ல முடியும்.

எடையிலும் இதே கவனம் வேண்டும். வெற்று எடை, பெட்ரோலும் ஆயிலும் நிரப்பிய எடை என இருவகையாகவும் அச்சிடுகிறார்கள். 14 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் பெட்ரோலே பத்து கிலோவுக்கு மேல் வரும். ஒரு பைக்கின் வெற்று எடையை இன்னொன்றின் நிரப்பிய எடையோடு ஒப்பிட்டு "இது இலகுவானது" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பிரீலோடைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நம்புவது

இந்தத் தவறை நானே செய்து, அதற்கான விலையை முதுகில் கொடுத்திருக்கிறேன். என் முந்தைய பைக்கின் பின்பக்கம் மிகவும் மென்மையாக இருக்கிறது என்று நினைத்து, பின் ஷாக் அப்சார்பரின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைப்பது என்ற அமைப்பை) ஒரே மூச்சில் கடைசிப் படிவரை ஏற்றினேன். அடுத்த இரண்டு வாரம் ஒவ்வொரு மேட்டிலும் இருக்கை என்னைத் தூக்கி எறிந்தது. வளைவுகளில் முன்பக்கம் பதற்றமாகத் திரும்பியது. ஷாக் அப்சார்பரே கெட்டுப்போய்விட்டதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அதற்கு ஒரு கோளாறும் இல்லை. நான்தான் அதன் வேலையைச் செய்ய விடவில்லை.

ஒரு ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 10 கிலோ எடை தேவை என்று வைத்துக்கொள்வோம். பிரீலோடை எவ்வளவு ஏற்றினாலும், அடுத்த 1 மி.மீ. அமுங்க அதே 10 கிலோதான் தேவைப்படும். ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை. மாறுவது, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பைக் எந்த உயரத்தில் வந்து நிற்கிறது என்பது. அளவுக்கு மேல் ஏற்றினால் பின்பக்கம் உயர்ந்துவிடும். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாமல் அந்தரத்தில் நிற்கும். கைப்பிடி அளவுக்கு மீறி இலகுவாகத் திரும்பும். அளவுக்குக் கீழே இறக்கினால் பைக் பின்னால் சரிந்து உட்கார்ந்து, வளைவில் அகன்று ஓடும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் அளவு நாடாவும் உதவிக்கு ஒருவரும் போதும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர்மேலே இருக்கைக்குக் கீழே ஒரு புள்ளிவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சக்கரத்தை இறக்கி, வழக்கமாக அணியும் உடையோடும் ஹெல்மெட்டோடும் ஏறி உட்காருங்கள். உதவிக்கு இருப்பவர் அதே தூரத்தை மீண்டும் அளக்கட்டும். சக்கரத்தின் மொத்த அசைவு 130 மி.மீ. என்றால், இரண்டு அளவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் 35 முதல் 40 மி.மீ.க்குள் இருப்பது சாலைப் பயணத்துக்கு நல்ல தொடக்கம். பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்லும் நாளில் பிரீலோடை ஏற்ற வேண்டும், திரும்பி வந்ததும் இறக்க வேண்டும். முதல் பாதியைச் செய்பவர்களே குறைவு. இரண்டாம் பாதியைச் செய்பவர்கள் அதைவிடக் குறைவு.

முன்ஃபோர்க்குக்கு இன்னும் எளிய வழி உண்டு. தலைகீழ் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியில் தெரியும் பளபளப்பான குழாயில் மெல்லிய பிளாஸ்டிக் கட்டு ஒன்றைச் சுற்றி, மேலே ரப்பர் சீலை ஒட்டி நிற்கும்படி தள்ளி வையுங்கள். குழாயைக் கீறாத அளவுக்கு மட்டும் இறுக்கம் இருந்தால் போதும். வழக்கமான பாதையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ஃபோர்க் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்பதை அந்தக் கட்டு காட்டிக்கொடுக்கும். சாதாரணப் பயணத்திலேயே அது அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் போதவில்லை. முன்ஃபோர்க்கில் திருகவே வழியில்லாத பைக்குகளும் இந்த வகுப்பில் உண்டு. வாங்கும் முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மின்னணு உதவியை மிகையாக நம்புவது

புதுப்பித்த பைக்கோடு வரும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் உயிர்காக்கும் கருவிகள். அவற்றை அணைத்துவிட்டு ஓட்டுவதைப் பெருமையாகச் சொல்பவர்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது. ஆனால் அவற்றால் இல்லாத பிடிமானத்தை உண்டாக்க முடியாது. டயருக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் பிடிமானத்தை வீணாகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அவற்றின் வேலை.

நல்ல உலர்ந்த சாலையில், டயர் புவியீர்ப்புக்குச் சமமான விசையோடு பிரேக் பிடிக்க விடுகிறது என்று கொள்வோம். அது மிகத் திறமையான ஓட்டுநருக்கான கணக்கு. 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 14 மீட்டர் வேண்டும், 100 கி.மீ. வேகத்திலிருந்து 39 மீட்டர். 120இலிருந்து 57 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை லீவருக்குப் போக ஒரு நொடி ஆனால், 100 கி.மீ. வேகத்தில் அதற்கு முன்பே 28 மீட்டர் போயிருப்பீர்கள். இன்னொரு கணக்கு என்னை நீண்ட நாள் உறுத்திக்கொண்டிருந்தது. 100இலும் 120இலும் போகும் இரண்டு பைக்குகள் ஒரே இடத்தில், ஒரே விசையோடு பிரேக் பிடிக்கின்றன. முதல் பைக் முழுதாக நின்றுவிட்ட இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது பைக் இன்னும் 66 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ரேடியல் காலிப்பரால் இந்த வித்தியாசத்தை அழிக்க முடியாது.

வளைவில் நிலைமை இன்னும் இறுக்கமானது. 40 டிகிரி சாய்ந்திருக்கும்போது மேற்சொன்ன பிடிமானத்தில் பெரும்பகுதியைத் திரும்புவதே தின்றுவிடுகிறது; பிரேக்குக்கு எஞ்சுவது ஏறத்தாழ பாதிதான். சாய்வை உணரும் சென்சாரோடு வரும் வளைவு ஏ.பி.எஸ். அந்தப் பாதிக்குள் நின்று வேலை செய்யும். சாதாரண ஏ.பி.எஸ்.ஸுக்கு பைக் சாய்ந்திருப்பதே தெரியாது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுபோல இருப்பதால் விவரப் பட்டியலில் "ஏ.பி.எஸ். உண்டு" என்ற வரியோடு நின்றுவிடாதீர்கள். எந்த வகை என்று கேளுங்கள்.

மழைக்கான ஓட்டும் முறையும் இப்படித்தான். அது த்ராட்டிலை மென்மையாக்கும். சில பைக்குகளில் சக்தியையும் குறைக்கும். தேய்ந்த டயருக்கு அது புதிய பள்ளங்களை வெட்டித் தராது.

கிளட்ச் வசதிகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது

குயிக் ஷிஃப்டர், மின்னணு கிளட்ச், தானியங்கி கியர் மூன்றும் வெவ்வேறு. குயிக் ஷிஃப்டர் கியர் மாற்றும் கணத்தில் என்ஜினின் விசையை நொடிப்பொழுது நிறுத்துகிறது. த்ராட்டில் திறந்திருக்கும்போது மேல் கியருக்கும், பல பைக்குகளில் மூடியிருக்கும்போது கீழ் கியருக்கும் அது நன்றாக உழைக்கும். நெரிசலில் 2,500 சுழற்சியில், த்ராட்டில் பாதி திறந்தும் மூடியும் இருக்கையில் மிதித்தால் கியர்பெட்டி குலுங்கும். அங்கே கிளட்சைப் பிடிப்பதே நல்லது.

சி.பி.650ஆர் பைக்கில் 2024இல் வந்த இ-கிளட்ச், லீவரையும் கியர் பெடலையும் அப்படியே வைத்துக்கொண்டு கிளட்ச் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. வேண்டுமென்றால் லீவரைப் பிடிக்கலாம். எம்.டி.-07 பைக்கின் ஒய்-ஏ.எம்.டி. என்ற தானியங்கி கியர் வகையில் லீவரும் இல்லை, கியர் பெடலும் இல்லை. குறுகிய இடத்தில் திரும்பும்போது கிளட்சை அரைகுறையாகப் பிடித்துச் சமாளித்துப் பழகிய கை அங்கே தடுமாறும். த்ராட்டிலை மெல்லத் திறந்து வைத்து, பின் பிரேக்கை லேசாக அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழக்கத்தை ஆளில்லாத மைதானத்தில் முதலிலேயே பயிலுங்கள்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புதிய டயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் 150 கி.மீ. வரை சாய்வையும் பிரேக்கையும் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். பிரேக் பேடுகளும் டிஸ்கோடு பழகவேண்டிய நேரம் அது. என்ஜினுக்குக் கையேடு சொல்லும் சுழற்சி வரம்பை மதியுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

டயர் அழுத்தத்தை ஓட்டிய பிறகு அளந்து, "அதிகமாக இருக்கிறதே" என்று காற்றைத் திறந்துவிடுவது மிகப் பரவலான தவறு. டயருக்குள் இருக்கும் காற்று 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. ஏறும். கையேட்டில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. சூடாக இருக்கும்போது திறந்துவிட்டால் மறுநாள் காலை அழுத்தம் போதாத டயரோடு கிளம்புவீர்கள். செயினைத் தளர்வே இல்லாமல் இறுக்குவதும் இதே ரகம்: நீங்கள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் மேலும் இறுகி, பேரிங்குகளைத் தின்றுவிடும்.

பத்து நிமிட ஓட்டத்தை வீணாக்குவது

சோதனை ஓட்டத்தில் பலரும் செய்வது, நேரான சாலையில் த்ராட்டிலை முழுதாகத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்புவது. எந்தப் புதிய பைக்கும் அதில் தேறிவிடும். நான் முதலில் நடை வேகத்தில் வட்டமடித்துப் பார்ப்பேன். மின்னணு த்ராட்டில் வெடுக்கென்று இழுக்கிறதா, மெல்லத் திறக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். பிறகு மூன்றாவது கியரில் 3,000 சுழற்சியிலிருந்து, கியரை மாற்றாமல் விரைவுபடுத்திப் பார்ப்பேன். பழுதான சாலை ஒன்றைத் தேடிப்போய் ஓட்டுவேன். பின்னால் யாரும் வராத இடத்தில் முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி, எவ்வளவு விசைக்கு எவ்வளவு நிற்கிறது என்பதை விரலால் அறிந்துகொள்வேன்.

இறங்கியதும் உள்ளங்கைகளைப் பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே சிவந்திருந்தால் உடலின் எடையைக் கைகள் சுமந்திருக்கின்றன. உடனே பைக்கை நிராகரிக்க வேண்டாம். லீவர்களின் கோணம் உங்கள் முன்கையின் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கைப்பிடியில் அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. பிறகு இன்னொரு சுற்று ஓட்டக் கேளுங்கள்.