‘நல்லதா ஒரு காபித்தூள் குடுங்க’ என்று கேட்காதீர்கள்

காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடையில் நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “நல்லதா ஒரு கால் கிலோ குடுங்க.” கடைக்காரர் என்ன செய்வார்? அந்த வட்டாரத்தில் அதிகம் பேர் வாங்குவதை எடுத்துத் தருவார். ஊருக்குப் பிடித்த காபி உங்களுக்கும் பிடிக்குமா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளிக்கு, போனஸ் வந்த உற்சாகத்தில், கடையில் இருந்ததிலேயே விலை கூடிய தூளை, காபியோடு கலக்கும் சிக்கரிப் பொடியைத் துளியும் சேர்க்காமல் வாங்கி வந்தேன். வழக்கம்போல நிறையப் பால் ஊற்றிக் கலந்தோம். தண்ணியாக இருந்தது, லேசாகப் புளிப்பும் தட்டியது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். தூளில் ஒரு குறையும் கிடையாது. பால் தூக்கலாகக் குடிக்கும் எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராத தூள், அவ்வளவுதான்.

விலையைப் பார்ப்பதற்கு முன்னால், காபியை எப்படிக் குடிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பாலோடா, கடுங்காப்பியாகவா? சர்க்கரை உண்டா? காலையில் ஒரு டம்ளரா, ராத்திரி எட்டு மணிக்கும் ஒன்றா? கடையில் கிடைக்கும் கொட்டையெல்லாம் பெரும்பாலும் இரண்டே இனம்: அராபிகா, ரோபஸ்டா. அராபிகாவில் மணம் அதிகம். பழத்தில் இருப்பது போன்ற மெல்லிய புளிப்பும் உண்டு. ரோபஸ்டாவில் கசப்பு தூக்கல், டிகாக்‌ஷன் கனமாக இறங்கும். தூக்கத்தைக் கலைக்கும் காபீனின் அளவும் வேறு: அராபிகாவில் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு. பால் சேர்ந்தால் அராபிகாவின் நுணுக்கங்கள் பெரும்பாலும் அமுங்கிவிடும். ரோபஸ்டாவின் கசப்போ பாலையும் சர்க்கரையையும் தாண்டி வந்து நாக்கில் நிற்கும். பால் காபி குடிப்பவர் ரோபஸ்டாவை மட்டமான கொட்டை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வயநாட்டு ரோபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது, கூர்க், சிக்மகளூர் அராபிகாக்களோடு சேர்த்து. ராத்திரி தூக்கம் வராதவர்கள் மட்டும் ரோபஸ்டாவின் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் என்று நான் நினைப்பது ‘ஸ்ட்ராங்’ என்ற ஒற்றைச் சொல். “எனக்கு ஸ்ட்ராங்கா இருக்கணும்” என்று நாலு பேர் சொன்னால் நாலு பேரும் வேறு வேறு பொருளைக் கேட்கிறார்கள். ஒருவருக்குக் கறுப்பு நிறம் வேண்டும். ஒருவருக்குக் கசப்பு வேண்டும். இன்னொருவருக்குக் கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியான டிகாக்‌ஷன் வேண்டும். நாலாமவருக்குக் குடித்ததும் தூக்கம் கலைய வேண்டும். இந்த நான்கும் நான்கு இடங்களிலிருந்து வருகின்றன. நிறத்தைச் சிக்கரியும் கருக வறுத்த கொட்டையும் தரும். கசப்பு ரோபஸ்டாவிலிருந்தும் வறுவலிலிருந்தும் வரும். கெட்டி என்பது எவ்வளவு தூளுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு. தூக்கம் கலைப்பது காபீன். அது சிக்கரியில் கிடையவே கிடையாது. கருகருவென்று காபி குடித்தும் சிலருக்குக் கண் சொக்குகிறது என்றால், டம்ளரில் இருப்பதில் பாதி சிக்கரியாக இருக்கலாம். வறுவலைக் கூட்டினால் காபீன் கூடும் என்று நம்புவதும் தவறு. வறுபட வறுபடப் புளிப்பு குறைந்து கசப்பு ஏறும், கொட்டைக்கே உரிய மணம் மறைந்து வறுவலின் வாசனை மேலோங்கும்; காபீன் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அதனால் கடையில் ‘ஸ்ட்ராங்’ என்று சொல்லாமல், கசப்பா, கெட்டியா, நிறமா என்று பிரித்துச் சொல்லுங்கள். அனுபவமுள்ள கடைக்காரருக்கு அது போதும்.

பெயர்களிலும் நாம் ஏமாறுகிறோம். ‘பீபரி’ என்றால் தனி உயர்ந்த ஜாதி என்று பலர் நினைக்கிறார்கள். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள், ஒரு பக்கம் தட்டையாக ஒட்டி இருக்கும். சில பழங்களில் ஒரே விதை உருண்டையாக வளர்ந்துவிடும். அதைப் பொறுக்கியெடுத்துத் தனியாக விற்பதுதான் பீபரி. அராபிகாவிலும் பீபரி உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு. எந்தப் பீபரி என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். ‘பிளான்டேஷன் ஏ’ என்பதும் அப்படியே. பிளான்டேஷன் என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. ‘ஏ’ என்பது சல்லடையில் சலித்துப் பிரித்த அளவின் பெயர். முதல் ரேங்க் என்று அர்த்தம் இல்லை. ‘ஏஏ’ அதைவிடப் பெரிய கொட்டை. சின்னக் கொட்டை ருசியில் தோற்றுவிடும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. கும்பகோணம் டிகிரி காபி என்ற பலகையைப் பார்த்து, கும்பகோணத்துக் கொட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கும்பகோணத்தில் காபி விளைவதில்லை. அந்தப் பெயரின் பெருமை தண்ணீர் கலக்காத பாலுக்கும், முதல் டிகாக்‌ஷனுக்கும், கலக்கும் கைக்கும் உரியது. ஏற்காடு, தாண்டிக்குடி, வால்பாறை, கூடலூர் என்று நம் மலைகளில்தான் செடி நிற்கிறது.

சிக்கரி விஷயத்தில் இரண்டு கட்சி. சிக்கரி கலப்படம் என்பது ஒன்று, சிக்கரி இல்லாமல் காபியே இல்லை என்பது மற்றொன்று. சிக்கரி ஒரு செடியின் வேர்; காயவைத்து, வறுத்து, பொடிக்கிறார்கள். நிறமும் லேசான தித்திப்பும் கனமும் தரும். 10 முதல் 20 சதவீதம் வரை சேர்த்தால் பால் காபிக்கு நன்றாகவே இருக்கிறது என்பது என் கருத்து. அதற்கு மேல் போகப் போகக் காபியின் மணம் பின்வாங்கும். பாக்கெட் தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. எத்தனை சதவீதம் என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து வாங்குகிறோம், அந்த வரியைத் தேடிப் படிப்பதில்லை. அடுத்த முறை படித்துப் பாருங்கள். உங்களுக்குப் பழகிய ருசி 47 சதவீதச் சிக்கரியின் ருசியாகவும் இருக்கக்கூடும். அதுதான் பிடிக்கிறது என்றால் தாராளமாகக் குடியுங்கள். ஆனால் தெரிந்து குடிக்க வேண்டும்.

கடை வாசனையை நம்பி வாங்குவதும் ஒரு தவறு. கொட்டை வறுபடும் தெருவில் எந்தத் தூளும் அமிர்தமாகத்தான் மணக்கும். வறுத்த அன்றைக்கே போட்டு ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் வேண்டாம். புதுக் கொட்டையிலிருந்து கரியமிலவாயு வெளியேறிக்கொண்டே இருக்கும், ஓரிரு நாள் ஆறினால் ருசி நிலைக்கும். அதே சமயம் அரைத்த தூள் வேகமாகச் செத்துப்போகும். மலிவு என்று ஒரு கிலோ வாங்கினால், முதல் வாரம் ஒரு காபி, நாலாம் வாரம் வேறு காபி. வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவு போதும்.

பல நேரம் பழி தூள்மேல் விழுகிறது, குற்றம் வேறெங்கோ இருக்கிறது. கொரகொரப்பாக அரைத்திருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், டிகாக்‌ஷன் வெளிறிப்போகும். மாவாக அரைத்தாலும் ஃபில்டருக்குள் இருக்கும் குடையை வைத்து அழுத்தி அமுக்கினாலும் அரை மணி நேரம் ஆகியும் சொட்டாது. மூன்று முறை காய்ச்சிய பாலில் எந்தக் காபியும் எடுபடாது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் அராபிகாவின் மணம் காணாமலே போகும். பெரிய காபிக் கடையில் குடித்த கப்புச்சினோ பிடித்துப்போய், அதே கொட்டையை வாங்கி ஃபில்டரில் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. அங்கே மெஷின் பெரும் அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் பிழிந்து எடுக்கிறது, இங்கே சொட்டுச் சொட்டாகத் தானே இறங்குகிறது. கொட்டை ஒன்றானாலும் டம்ளரில் வருவது வேறு.

தீபாவளித் தூள் கதைக்குப் பிறகு நான் செய்தது இதுதான். பிளான்டேஷன் ஏ 100 கிராம், ரோபஸ்டா 100 கிராம், இரண்டும் மீடியம் வறுவலில், சிக்கரி இல்லாமல் தனித்தனியாக அரைத்து வாங்கினேன். சிக்கரி 50 கிராம் தனியே. முதல் நாள் இரண்டு டிகாக்‌ஷனையும் தனித்தனியாக இறக்கி, வெந்நீரில் ஒரு ஸ்பூன் விட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடித்தேன். சூட்டில் ஒரு வாய், வெதுவெதுப்பானதும் ஒரு வாய். ஆறினால்தான் புளிப்பு வெளியே வருகிறது. பிறகு பால் சேர்த்து. அடுத்த நாள் பாதிக்குப் பாதி. மறுநாள் அதில் ஒரு சிட்டிகைச் சிக்கரி. ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தூள், பால், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பிடித்தது என்று நாக்குக்குத் தெரியாது. மூன்று டம்ளருக்கு மேல் வரிசையாக ருசி பார்க்கவும் வேண்டாம், நாக்கு மரத்துவிடும்.

எட்டு நாளில் விடை கிடைத்தது. இப்போது எங்கள் அடுக்களையில் இரண்டு டப்பா. அம்மாவுடையதில் ரோபஸ்டாவும் பிளான்டேஷனும் 60க்கு 40, மொத்தத் தூளில் சிக்கரி 15 சதவீதம். என்னுடையதில் வெறும் பிளான்டேஷன், பால் இல்லாமல். வாரம் ஒரு முறை கடைக்குப் போய் அதை அப்படியே ஒப்பிக்கிறேன். கடைக்காரர் மறு பேச்சில்லாமல் கொட்டையை நிறுக்கத் தொடங்கிவிடுகிறார்.