மருத்துவமனைக்குப் புது சாஃப்ட்வேர் வரும்போது தலைமை டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாஃப்ட்வேர் வாங்கி ஆறு மாதம் ஆகியும் வார்டில் பழைய கேஸ் ஷீட்தான் ஓடுகிறது என்றால், நெட்வொர்க்கையோ கம்பெனியையோ குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை. துறைத் தலைவர் காலை ரவுண்ட்ஸில் என்ன செய்கிறாரோ, அதைத்தான் ஹவுஸ் சர்ஜனும் ஸ்டாஃப் நர்ஸும் செய்வார்கள். மேனேஜ்மென்ட் அனுப்பும் சர்க்குலரால் அதை மாற்ற முடியாது.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் 2002-இல் மருந்து உத்தரவுகளைக் கம்ப்யூட்டரில் எழுதும் முறை வந்தது. அதன்பின், பிற மருத்துவமனைகளிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. முன்பெல்லாம் குழந்தை வந்துசேரும் முன்பே மருந்து தயாராக இருக்கும். புது முறையில், குழந்தை வந்து பதிவு முடிந்த பிறகுதான் உத்தரவே போட முடிந்தது. மருந்துகளும் மையப் பார்மசிக்குப் போய்விட்டன. சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை அதே சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தபோது இறப்பு கூடவில்லை. பிட்ஸ்பர்க் அனுபவத்தைக் கேட்டறிந்து, ஐ.சி.யூ.வுக்கான உத்தரவுத் தொகுப்புகளை (ஒரு நிலைமைக்கு வேண்டிய மருந்து, சோதனை உத்தரவுகள் ஒன்றாக இருக்கும் பட்டியல்) முன்கூட்டியே தயாரித்துக்கொண்டுதான் அவர்கள் ஆரம்பித்தார்கள்.

தலைவரின் பாஸ்வேர்டு

தலைவர் வாயால் சொல்ல, ஹவுஸ் சர்ஜன் அவருடைய லாகினில் நுழைந்து எழுதுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இரண்டே வாரத்தில் அந்தப் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். இன்சுலின் ‘சிக்ஸ்டீன்’ என்று சொன்னது கூட்டத்தில் ‘சிக்ஸ்டி’ என்று காதில் விழலாம். அப்படி விழுந்தால், பதிவில் நிற்பது தலைவர் பெயர். எழுதியது யார் என்று எவருக்கும் தெரியாது. முதல் ஆறு வாரம் ரவுண்ட்ஸில் முதல் பத்து நோயாளிகளுக்காவது தலைவரே தன் லாகினில், தன் கையால் எழுத வேண்டும். தட்டச்சு வராது என்றால் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் ஓ.பி.யை வேறொருவர் பார்க்கட்டும்.

ரெக்கார்டைத் திறக்கும் பழக்கமும் அப்படித்தான். கடலூர் ஓ.பி.யில் ஒரே காலையில் மூன்று ‘கே. செல்வி’ வரலாம். ஒருவர் ‘செல்வி கே.’ என்று பதிவாகியிருப்பார், இன்னொருவர் கொடுத்திருப்பது மகனின் போன் நம்பர். பெயரோடு தந்தை அல்லது கணவர் பெயர், வயது, ஊர் மூன்றையும் வாய்விட்டுக் கேட்ட பிறகே திரையைத் திறக்க வேண்டும். 14 இலக்க ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) இருந்தால் அதையும் சரிபார்க்கலாம். பெரிய டாக்டர் கேட்காமல் திறந்தால் சின்ன டாக்டரும் கேட்க மாட்டார்.

டெமோ பார்த்து வாங்குவது

கம்பெனிக்காரர் காட்டும் டெமோவில் நோயாளிக்கு ஒரே ஒரு வியாதிதான் இருக்கும். வாங்கும் முன் உங்கள் ஓ.பி.யில் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பதிவிலிருந்து மருந்து வாங்கும் வரை அத்தனையையும் அந்தச் சாஃப்ட்வேரிலேயே செய்து பாருங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கூடினால் 80 பேருக்கு 160 நிமிடம், அதாவது 2 மணி 40 நிமிடம். அந்த நேரம் எங்கிருந்து வரும் என்று தலைவர் பதில் சொல்லாவிட்டால், பதிவுதான் அரைகுறையாகும்.

நேரத்தை மிச்சப்படுத்துவது உத்தரவுத் தொகுப்புகள். அவற்றைத் துறையே எழுத வேண்டும், கம்பெனியிடம் விடக் கூடாது. விவசாயம் நிறைந்த கடலூர் மாவட்டத்தில் பாம்புக்கடித் தொகுப்பு இல்லாமல் தொடங்கவே கூடாது. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை, ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து), ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின், ஏ.எஸ்.வி. கொடுத்து 6 மணி நேரம் கழித்து மீண்டும் உறைவுச் சோதனை ஆகியவை ஒரே திரையில் வர வேண்டும். அந்த ஆறாவது மணி நேரச் சோதனைதான் ஷிஃப்ட் மாறும்போது விட்டுப்போகும்.

திரையில் எச்சரிக்கைகளை அள்ளிப் போடுவது இதற்கு நேர்மாறான தவறு. மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வேலையை நிறுத்தும் எச்சரிக்கை, ஒவ்வாமை மாதிரி ஆபத்தானவற்றுக்கு மட்டும் போதும்.

பேப்பரும் ஓடட்டும், கம்ப்யூட்டரும் ஓடட்டும்

பாதுகாப்பு மாதிரி தெரியும் இந்த ஏற்பாடுதான் மிக ஆபத்தானது. இன்சுலின் அளவைச் சாயங்காலம் ஷீட்டில் மாற்றுவார்கள், திரையில் காலை அளவே இருக்கும். இரவு நர்ஸ் எதை நம்புவார்? வார்டு வார்டாக, பேப்பரில் உத்தரவு எழுதுவது முடியும் தேதியைத் தலைவர் அறிவித்து, அதன்பின் பேப்பரில் தானும் எழுதக் கூடாது.

தொடங்கும் நாளாகத் திங்கட்கிழமையோ பொங்கல் விடுமுறைக்கு மறுநாளோ வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர், புதுச்சேரியைத் தாக்கியபோது பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். சர்வருக்கு யு.பி.எஸ். கொடுத்துவிட்டு, வார்டில் உள்ள நெட்வொர்க் ஸ்விட்சையும் பிரிண்டரையும் மறந்துவிடுகிறார்கள். சர்வர் ஓடும், வார்டில் திரை வராது. லேசர் பிரிண்டர் மின்சாரத்தை அதிகம் இழுக்கும் என்பதால் யு.பி.எஸ்.ஸில் ஒரு சிறிய இங்க்ஜெட் போதும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு படுக்கையின் மருந்துப் பட்டியலையும் அச்செடுங்கள். இரண்டு நாளுக்குத் தேவையான வெற்று மருந்துச் சீட்டு, லேப் சீட்டு ஆகியவை வார்டிலேயே ஒரு பெட்டியில் இருக்கட்டும். எத்தனை நிமிடம் திரை வராவிட்டால் பேப்பருக்கு மாறுவது (15 நிமிடம் நியாயமான அளவு), அதை யார் அறிவிப்பது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் முதலில் ஏற்ற வேண்டியவை ஒவ்வாமை விவரமும், இன்சுலின், ஆன்டிபயாடிக், ரத்தம் உறையாமைக்கான மருந்து ஆகியவை கடைசியாகக் கொடுத்த நேரமும். மற்றவற்றை ஸ்கேன் செய்து சேர்த்தால் போதும்.

எதை எண்ணுவது

எத்தனை பேர் லாகின் ஆனார்கள் என்ற கணக்கு தலைவருக்கு உதவாது. காலை 8 மணி மருந்து எத்தனை மணிக்குத் திரையில் பதிவாகிறது என்று பாருங்கள். எல்லாமே மதியம் 1:30-க்கு மொத்தமாக ஏறியிருந்தால், நர்ஸ் பேப்பரில் குறித்துவைத்து ஷிஃப்ட் முடியும்போது ஏற்றுகிறார் என்று பொருள். திட்டுவதில் பயனில்லை. வார்டில் எத்தனை திரை இருக்கிறது, படுக்கையிலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று தலைவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். திரை வாங்கும் கமிட்டியில் இரவு ஷிஃப்ட் நர்ஸ் ஒருவர் இல்லாததன் விளைவு இது.

பொறுப்பாளராகக் கம்ப்யூட்டர் ஆர்வமுள்ள ஜூனியரைப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. சந்தேகம் வந்தால் வார்டில் எல்லோரும் யாரிடம் போய்க் கேட்பார்களோ, அவரைப் போடுங்கள். வாரத்தில் ஒரு ஓ.பி.யிலிருந்து அவருக்கு விடுப்பும் கொடுங்கள். புதுச்சேரி அரசு டாக்டருக்கு காரைக்கால், மாஹே, ஏனாம் என எங்கும் மாற்றல் வரலாம். கடலூரில் கலந்தாய்வு முடிந்தால் முகங்கள் மாறிவிடும். ஹவுஸ் சர்ஜன்கள் ஆண்டுதோறும் மாறுவார்கள். அதனால் துறைக்கு ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் என இருவராவது பொறுப்பில் இருக்க வேண்டும். உத்தரவுத் தொகுப்பைத் திருத்தும் அனுமதி இருவரிடமும் இருக்கட்டும். ஒருவர் விடுவிக்கப்படும் முன், அடுத்தவர் அதைத் தனியாக ஒருமுறை திருத்திக் காட்டியிருக்க வேண்டும்.