இரட்டைச் சிலிண்டர் வண்டியின் த்ராட்டில் பாடிகளை வீட்டிலேயே சமன் செய்யும் முறை

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 போன்ற வண்டிகளில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் பாகம்) உண்டு. இரண்டின் தகடுகளும் ஒரே ஆக்சிலேட்டருக்குக் கட்டுப்பட்டவைதான் என்றாலும், ஒன்று மயிரிழை அளவு கூடுதலாகத் திறந்திருந்தால்கூட அந்தச் சிலிண்டர் அதிகக் காற்றை இழுத்துக்கொள்ளும். ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில்) ஓசை தடுமாறும், கைப்பிடியில் அதிர்வு கூடும். ஒற்றைச் சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே கிடையாது.

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் மற்ற காரணங்களை நீக்கிவிட வேண்டும். சம்பா அறுவடைக் காலத்தில் தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்துச் சாலைகளில் நெல்லைக் காயப்போட்டு, வைக்கோலும் பரப்பியிருக்கும்போது எழும் தூசி ஏர் ஃபில்டரை விரைவில் அடைத்துவிடும் என்பதால், முதலில் அதைப் பாருங்கள். பிறகு டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி), ஆக்சிலேட்டர் கேபிளின் தளர்வு ஆகியவற்றை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். த்ராட்டில் பாடியை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரின் மேல் சிறிது தண்ணீரைத் தெளிக்கும்போது ஐடில் ஓசை மாறினால், அங்கே காற்றுக் கசிவு இருக்கிறது. கசிவை வைத்துக்கொண்டு செய்யும் சமன் நிலைக்காது.

இரு பக்க வெற்றிடத்தையும் ஒப்பிட்டு அளவிடும் கருவியைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. கொத்தனார் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் தெளிவான ட்யூபின் தத்துவம்தான் இதுவும். த்ராட்டில் பாடியின் வெற்றிட முனைக்கு (தகட்டைத் தாண்டி இன்ஜின் பக்கத்தில் உள்ள சிறு குழாய்க்கு) இறுக்கமாகப் பொருந்தும் சன்னமான ட்யூபில் நான்கு மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் 'ப' எழுத்தின் வடிவில் கட்டி, அடியில் சுமார் அரை மீட்டர் உயரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுங்கள். பழைய கருவிகளில் ஊற்றிய பாதரசம் நஞ்சு என்பதால் அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அதைவிட ஆயில் மிகவும் இலேசானது. பாதரசத்தில் ஒரு செ.மீ. தெரியும் வேறுபாடு ஆயிலில் ஏறத்தாழ 15 செ.மீ. தெரியும் என்பதால், சிறு பிழைகூடக் கண்ணுக்குத் தப்பாது. இந்த நுணுக்கத்திலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது: வேறுபாடு பெரிதாக இருந்தால் ஆயில் நொடியில் மேலேறி இன்ஜினுக்குள் போய்விடும். ஆகவே மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாயில் பொருத்தும் சிறு வால்வுகளை இருபுறமும் மாட்டி, முதலில் சற்றே திறந்து வையுங்கள். காற்றுத் துடிப்பால் ஆயில் குதிப்பதும் அடங்கும்.

வண்டியைத் திறந்தவெளியில், நேராக நிறுத்துங்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் மூடிய கொட்டகை வேண்டாம். சிறிது தூரம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திய பின், இரு பாடிகளின் வெற்றிட முனைகளில் உள்ள ரப்பர் மூடிகளையோ ஹோஸ்களையோ அடையாளமிட்டுக் கழற்றி, ட்யூபின் இரு முனைகளையும் செருகி ஸ்டார்ட் செய்யுங்கள். காற்றுக்குளிர்ச்சி இன்ஜின் என்றால் முன்னால் ஒரு மின்விசிறி கட்டாயம் வேண்டும்.

ஆயில் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கத்தில் வெற்றிடம் அதிகம், அதாவது அந்தத் தகடு அதிகமாக மூடியிருக்கிறது. இரு பாடிகளுக்கும் நடுவே, அவற்றின் இணைப்பில் உள்ள சமன் ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் ஆக்சிலேட்டரை லேசாகத் திருகி விட்டு, ஆயில் நிலைகொள்ளும்வரை காத்திருங்கள். ஐடிலில் சமமானதும், நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தி மறுபடியும் பாருங்கள். சில நான்கு சிலிண்டர் வண்டிகளில் இந்த இணைப்பு ஸ்க்ரூவுக்குப் பதிலாகத் தனித்தனிக் காற்று ஸ்க்ரூக்கள் இருக்கும். அவற்றுக்கான வரிசையைக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

தகடு முழுவதும் மூடாமல் தடுக்கும், பெயின்ட் இட்டு முத்திரையிட்ட ஸ்க்ரூவையும், த்ராட்டில் சென்சாரையும் தொடவே கூடாது. என் வண்டியில் ஒரு பட்டறையில் அந்த ஸ்க்ரூவைத் திருகிவிட்டார்கள். அதன் பிறகு எத்தனை முறை சமன் செய்தும் ஐடில் பழைய நிலைக்கு வரவில்லை, கடைசியில் பாடியையே மாற்ற நேர்ந்தது. ஐடில் குறைவாகத் தோன்றினால், கார்பன் படிந்த தகடுகளைத் த்ராட்டில் பாடி கிளீனரால் துடைப்பதே சரியான வழி.

முடித்த பிறகு இரண்டு ரப்பர் மூடிகளும் அடிவரை ஏறியிருக்கின்றனவா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். வெடித்த மூடி இருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். அந்த முனை ஃபில்டரைத் தாண்டி உள்ளே இருப்பதால், அது திறந்திருந்தால் சாலைத் தூசி நேராகச் சிலிண்டருக்குள் போகும்.